வியாழக்கிழமை, வானொலி நாள்

மேசைக்கு அடியில் கிடக்கிறேன். எனக்குக் கீழே டொரத்தி. என் நெஞ்சுக்கு அடியில் அவருடைய தலை. மெல்லிய நரைமுடி. சவர்க்கார வாசம். காலையில் நான்தான் தோய வார்த்தேன்.

விமானங்கள் வருகின்றன. ஒன்றல்ல, பல. தாழ்வாக. பிறகு கூவல். மேலிருந்து கீழே வரும் கூவல்.

நான் கத்துகிறேன். "விழுந்து படுங்கோ. ஒருத்தரும் எழும்பாதேங்கோ."

தமிழில் கத்துகிறேன். அந்த அறையில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

மணி மூன்று பதினாறு. வியாழக்கிழமை. போன ஒக்டோபர் மாதம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் முதியோர் தங்கும் ஒரு கேர் ஹோம். கீழ்த்தளத்தில் உள்ள பெரிய அறை. போர் எதுவும் நடக்கவில்லை. விமானங்கள் ஒலிபெருக்கியில் பறக்கின்றன. குண்டும் ஒலிபெருக்கியில்தான் விழுகிறது. அது எனக்குத் தெரியும். காலை பத்து மணியிலிருந்து அந்த ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். தெரிந்தும் படுத்தேன். டொரத்தியையும் இழுத்துக்கொண்டு படுத்தேன்.

விழும்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். காய்ந்த பூவரசங் கம்பை முழங்காலில் வைத்து முறித்தால் வரும் சத்தம். அது ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை.

என் பெயர் ரஞ்சினி. வயது ஐம்பத்து மூன்று. ஊர் புதுக்குடியிருப்பு. லண்டனுக்கு வந்து பதின்மூன்று வருடம். அதில் ஒன்பது வருடம் அந்த ஹோமில் வேலை செய்தேன். முதியவர்களைக் குளிக்க வார்ப்பது. உடுப்பு மாற்றுவது. ஊட்டுவது. கட்டிலில் திருப்பிப் படுக்கவைப்பது. ஒன்பது வருடத்தில் என் கையிலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரணையில் இதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த நாளை ஏற்பாடு செய்தவள் குளோயி. ஹோமில் பாட்டு, படம், பிறந்தநாள் எல்லாம் அவள் பொறுப்பு. முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை. எதையும் மனம் வைத்துச் செய்வாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் இந்த நாட்டு வானொலியில் ஒரு நாள் எப்படிப் போனதோ, அதை அப்படியே போட்டுக் காட்டப் போவதாகச் சொன்னாள். இணையத்தில் தேடித் தேடிப் பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்த்தாள். அறையின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி வைத்தாள். ஜன்னல் கண்ணாடிகளில் கடதாசிப் பட்டியைக் குறுக்குமறுக்காக ஒட்டினாள். குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படி ஒட்டினார்களாம். நானும் இரண்டு ஜன்னலுக்கு ஒட்டிக் கொடுத்தேன்.

பத்து மணி. தேகப்பயிற்சி. ஒரு பெண் குரல் எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, கையைத் தூக்குங்கள். கதிரையில் இருந்தபடியே பன்னிரண்டு கிழவிகளும் ஐந்து கிழவர்களும் கையைத் தூக்குகிறார்கள். டொரத்தி மட்டும் தூக்கவில்லை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒட்டியிருக்கும் கடதாசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பத்தரை. தொழிற்சாலைகளுக்குப் போட்ட இசை. குண்டு செய்த பெண்கள் சோர்ந்துபோகாமல் இருக்கப் போட்டதாகக் குளோயி விளக்குகிறாள். வேகமான இசை. நடுவில் பேச்சே இல்லை. ஒரு கிழவி எழுந்து ஆடினார். எல்லாரும் கை தட்டினோம்.

பன்னிரண்டு. சமையல் பேச்சு. முட்டை இல்லாமல் கேக் செய்வது எப்படி. குசினியில் சிவம் அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார். வேலணைக்காரர். ஹோமின் சமையல்காரர். "உந்த வகுப்பு எங்களுக்குத் தேவையில்லை, ரஞ்சி. மாவில்லாமலே ரொட்டி சுட்ட சனம் நாங்கள்" என்றார். நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அதுதான் கடைசி.

ஒரு மணி. ஓர்கன் இசை. சாப்பாடு. டொரத்திக்கு உருளைக்கிழங்கை மசித்து ஊட்டுகிறேன். நான்கு கரண்டி. ஐந்தாவதுக்கு வாயைத் திறக்கவில்லை.

"இன்றைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"வியாழன்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. 

அவருக்கு ஏன் வியாழன் ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த ஹோமில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் சொன்னார். குளியலறையில். நான் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருக்கு மறதி இவ்வளவு இல்லை. பக்கத்து அறையில் யாரோ தொலைக்காட்சியில் பகிடி நிகழ்ச்சி பார்த்தார்கள். கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் சுவருக்கு ஊடாக வந்தது. டொரத்தியின் தோள் இறுகியது. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். பிறகு அவராகவே சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. ஒக்டோபர். டொரத்திக்கு ஒன்பது வயது. வீடு ஈலிங் பக்கம். தகப்பன் படையில். வீட்டில் தாய் எடித், தம்பி ரொனி, கைக்குழந்தை ஜோன். வியாழன்தோறும் மாலை எட்டரைக்கு வானொலியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி. தெருவே அதைக் கேட்கும். அன்று எட்டு ஐம்பதுக்குச் சைரன் ஊதியது. நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிடம். தாய் சொன்னாள்: "நீ முன்னால் போய்ப் போர்வையை விரி. இது முடிந்ததும் நாங்கள் வருகிறோம்."

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பங்கர். மண்ணைத் தோண்டி, வளைந்த தகரத்தை வைத்து, மேலே மண் போட்டு மூடியது. டொரத்தி அதற்குள் போனார். போர்வையை விரித்தார். ரொனி சிரிப்பது தோட்டத்துக்கு அப்பால் கேட்டது. வானொலியில் கூட்டம் சிரிப்பதும் கேட்டது. ரொனிக்கு ஆறு வயது. பாதிப் பகிடி விளங்காது. கூட்டம் சிரித்தால் தானும் சிரிப்பானாம்.

குண்டு வீட்டின் மேல் விழுந்தது. தகரம் வளைந்தது. டொரத்தியை அடுத்த நாள் காலையில் தோண்டி எடுத்தார்கள். மற்ற மூன்று பேரையும் எடுக்க இரண்டு நாள் ஆனது.

"பத்து நிமிடம்" என்றார் டொரத்தி. "ஒரு பகிடிக்காக."

நான் தண்ணீரை ஊற்றினேன். முதுகைத் துடைத்தேன்.

சொல்ல என்னிடம் இருந்தது. ஆங்கிலத்தில் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது. பங்குனி மாதம். எங்கள் ஊர்ப் போரின் கடைசி மாதங்கள். மாத்தளன் கடற்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் லட்சக்கணக்கான சனம். மணலில் பங்கர் நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். ஆகவே சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, சுவர் கட்டினோம். என் கூறைச் சேலை நான்கு பையானது. டொரத்தியின் தாய்க்குத் தகரம் கிடைத்தது. எங்களுக்குச் சேலை.

பங்கருக்குள் மூன்று பேர். நான். என் கணவர் குகன். மகள் ஆரணி. அவளுக்கு ஏழு வயது.

குகன் சைக்கிள் திருத்துகிறவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோதும் சைக்கிளையும் சின்ன ரேடியோ ஒன்றையும் விடவில்லை. பற்றரி எங்கும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். பின்சில்லில் இருக்கும் டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் பாட்டு வரும். கை நின்றால் பாட்டு நிற்கும். சுற்றுவது ஆரணியின் வேலை. பங்கருக்குள் சைக்கிளை நிறுத்த உயரம் போதாது. வெளியேதான் நிறுத்த வேண்டும்.

அன்று பின்னேரம் நான்கு மணி. காலையிலிருந்து ஷெல். மூன்றரைக்கு ஓய்ந்தது. அரை மணி நேரமாக ஒன்றும் இல்லை. என் இடக்காலில் ஒரு வாரத்துக் காயம். சீழ் பிடித்திருந்தது. எழும்ப முடியவில்லை. ஆரணி இரண்டு நாளாகப் பேசவில்லை. பக்கத்துப் பங்கரில் இருந்த பிள்ளை செத்ததைக் கண்டிருந்தாள். அதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அன்று நான்கு மணிக்குத் திறந்தாள்.

"அம்மா, ஒரு பாட்டு."

குகன் என்னைப் பார்த்தார். "இஞ்சேர், என்ன சொல்லுறீர்? கொஞ்சம் அமர்ந்திருக்கு."

நான் சொன்னேன். "பிள்ளை வாய் திறந்து கேக்கிறாள். ஒரு பாட்டுத்தான். கேட்டிட்டு உடன வந்திடுங்கோ."

இந்த வசனத்தைப் பதினாறு வருடமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கு இன்றுதான் எழுதுகிறேன்.

டைனமோ இரைகிறது. இந்திய வானொலி. சினிமாப் பாட்டு. முதலில் இழுத்து இழுத்து வருகிறது. பிறகு ஆரணியின் கை சீராகிறது. பாட்டும் சீராகிறது. பல்லவி. முதலாவது சரணம். மறுபடி பல்லவி. குகன் ஏதோ சொல்கிறார். ஆரணி சிரிக்கிறாள். நான் மல்லாந்து படுத்தபடி அதைக் கேட்கிறேன். தூரத்தில் குத்தும் சத்தம். டும். ஷெல் புறப்படும் சத்தம் அது. நான் எண்ணத் தொடங்குகிறேன். எண்ணினால் எவ்வளவு தூரம் என்று தெரியும். குகனும் எண்ணுவார் என்று நினைக்கிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான் கத்துகிறேன். "உள்ளுக்கு வாங்கோ." பாட்டு உரக்கக் கேட்கிறது. அவர்களுக்கு என் சத்தம் கேட்டதா தெரியாது.

இரண்டாவது சரணத்தில் பாட்டு நின்றது.

வெடித்த சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை. பாட்டு நின்றதுதான் ஞாபகம்.

அயலவர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வேறு இடத்தில் குழி வெட்ட நேரம் இல்லை. என்னைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அதே பங்கருக்குள் குகனையும் ஆரணியையும் இறக்கினார்கள். சேலைப் பைகளைச் சரித்து மூடினார்கள். ஐந்து மணிக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

டொரத்தியிடம் இதை ஒரேயொரு தடவை சொன்னேன். போன சித்திரையில். தமிழில் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் காலுக்குக் கிறீம் பூசியபடி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், மழை வரும் போல இருக்கிறது என்றார். ஓம், வரும் என்றேன்.

இனி, நான் செய்யாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஹோமில் ஒவ்வொருவருக்கும் ஒரு கேர் பிளான் உண்டு. யாருக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு, எதற்குப் பயம், எல்லாம் அதில் இருக்கும். டொரத்தி வந்த முதல் நாள் யாரோ அதில் எழுதியிருந்தார்கள்: "பழைய வானொலி நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்பார்." யார் எழுதியது, ஏன் எழுதியது என்று தெரியாது. வயதானவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள் போலும். அது பிழை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் தெரியும். நான் திருத்தவில்லை. ஆங்கிலத்தில் நான் எழுதுவது "நன்றாகச் சாப்பிட்டார்", "மலம் போனது", "தோல் சிவந்திருக்கிறது". அவ்வளவுதான் எழுத வரும். அந்தக் கதையை எழுத எனக்குச் சொல் போதவில்லை. யாரையாவது பிடித்து எழுதுவித்திருக்கலாம். செய்யவில்லை.

குளோயியிடம் வாயால் சொன்னேன். வானொலி நாளுக்கு மூன்று நாள் முன். படிக்கட்டில். "டொரத்திக்கு அது வேண்டாம். அவருடைய குடும்பம் குண்டில் செத்தது" என்றேன். குளோயி கைநிறையக் கொடிகளோடு நின்றாள். "பாவம். நான் கவனமாக இருக்கிறேன். ஜன்னல் பக்கமாக, அமைதியான இடத்தில் வைப்போம்" என்றாள். மேலும் வற்புறுத்தியிருக்கலாம். என் ஷிப்ட் தொடங்க இரண்டு நிமிடம் இருந்தது. மேலே போய்விட்டேன்.

மூன்று மணி. நகைச்சுவை நிகழ்ச்சி. முகப்பு இசை. கூட்டம் கை தட்டுகிறது. ஒரு ஆண் குரல் வேகமாகப் பேசுகிறது. கூட்டம் சிரிக்கிறது. எண்பத்தைந்து வருடத்துக்கு முந்திய சிரிப்பு. சிரித்தவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்கமாட்டார். சிரிப்பு மட்டும் நான்கு மூலைகளிலிருந்தும் வருகிறது.

நான் தேநீர்த் தள்ளுவண்டியோடு நிற்கிறேன். டொரத்தியைப் பார்க்கிறேன். உதடு அசைகிறது. அறையிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் நான்கு பேருக்குத் தேநீர் ஊற்ற இருக்கிறது. ஊற்றிவிட்டுக் கொண்டுபோவோம் என்று நினைக்கிறேன்.

மூன்று பதினான்கு. சைரன்.

ஒலிப்பதிவில் சைரன் இருக்கவில்லை. குளோயி தானாகச் சேர்த்தது. உண்மை போல இருக்கட்டும் என்று. அதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு கிழவர் சிரித்தார். இன்னொருவர் மேசையில் தட்டினார். டொரத்தி எழுந்தார்.

ஒன்றரை வருடமாக அந்தக் கால்கள் நின்றதில்லை. நின்றன. ஒலிபெருக்கியைப் பார்த்து மூன்று அடி வைத்தார். சின்னப் பிள்ளையின் குரலில் கத்தினார். "அம்மா, அதை நிறுத்து. வெளியே வா, அம்மா."

நான் வண்டியை விட்டுவிட்டு ஓடினேன். தோளைப் பிடித்தேன். அதுவரை நான் நானாகத்தான் இருந்தேன். சைரன் எனக்குப் பயமில்லை. மாத்தளனில் சைரன் இல்லை. அவரை மெதுவாக நாற்காலிக்குத் திருப்பினேன். இன்னும் ஒரு அடி.

அப்போது விமானங்கள். பிறகு கூவல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் சொன்னது.

குளோயி கைபேசியை அமத்துகிறாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி அமத்துகிறாள். குண்டுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கிழவி அழுகிறார். குசினிக் கதவு அடித்துத் திறக்கிறது. சிவம் அண்ணை ஓடி வருகிறார். மேசைக்கு அடியில் குனிகிறார்.

"ரஞ்சி, எழும்பு. ரஞ்சி, இது லண்டன்."

எனக்குக் கேட்கிறது. உடம்பு கேட்கவில்லை.

"மனிசிக்கு மூச்சு முட்டுது. எழும்பு பிள்ளை. ஒண்டுமில்லை, உது ரேடியோ."

கையை ஊன்றி என் நெஞ்சை மட்டும் தூக்குகிறேன். டொரத்தியின் முகம் தெரிகிறது. வெள்ளையாக இருக்கிறது. கண் திறந்திருக்கிறது. என்னைத்தான் பார்க்கிறார்.

"அம்மா?" என்றார்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

"ஜோனைக் கொண்டு வந்தாயா?"

"கொண்டு வந்தேன். ரொனியும் வந்துவிட்டான். எல்லாரும் வந்துவிட்டோம்." இதை ஆங்கிலத்தில் சொன்னேன். எப்படி வந்தது என்று தெரியாது.

டொரத்தி என் கன்னத்தைத் தொட்டார். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

 ஒலிபெருக்கி நின்றது. மணி மூன்று பதினெட்டு.

இடுப்போடு சேர்ந்த தொடை எலும்பு முறிந்திருந்தது. அம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். அதுவரை அவருடைய தலையை மடியில் வைத்திருந்தேன். நோகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நாலரை மணிக்கு மனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலையிலிருந்து இடைநிறுத்தினார். வைத்தியசாலைக்குப் போகக் கூடாது, டொரத்தியோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்றார். கடிதம் தந்தார். வாசித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

சத்திரசிகிச்சை செய்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. சிவம் அண்ணை ஷிப்ட் முடிந்து ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தார். எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏழாம் நாள்: "சாப்பிடேலாது. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறா." ஒன்பதாம் நாள்: "தாயைத்தான் கேக்கிறாவாம், நேர்ஸ் சொன்னவா." பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வெள்ளைச் சேலையை எடுத்து வைத்தேன்.

விசாரணை மூன்று வாரத்துக்குப் பிறகு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தண்ணீர்ப் போத்தல். ஒரு பெண் கேள்வி கேட்டார். நல்ல மென்மையான குரல்.

டொரத்திக்கு அந்தச் சத்தம் பயம் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். ஏன் பதியவில்லை? தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். உங்களுக்கும் இப்படிப் பயம் வரும் என்று வேலைக்குச் சேரும்போது சொன்னீர்களா? இல்லை. ஏன்?

அகதி விண்ணப்பத்தில் எல்லாம் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். முதல் இரண்டு தடவை நம்பவில்லை. மூன்றாம் தடவை நம்பினார்கள். அதற்குப் பிறகு நான்காவது ஆளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். வேலைக்கு அது தேவை என்று நினைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

குளோயியிடம் சொன்னேன் என்றும் சொன்னேன். குளோயியைக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு பேச்சு நடந்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றாள். நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

வேலை போனது. முதியவர்களைத் தொடும் எந்த வேலையும் இனி எனக்குக் கிடையாது என்றார்கள். இப்போது விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் தொழிற்சாலையில் வேலை. தட்டில் ஒரு பாண், ஒரு பட்டர், ஒரு கரண்டி. கூரைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கும். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

டொரத்திக்குப் பிள்ளைகள் இல்லை. உறவு என்று ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளூர்க் கவுன்சில்தான் தகனம் செய்தது. காலை ஒன்பது மணி. சுடலைக்கு நான் போகக் கூடாது என்று அந்தக் கடிதத்தில் இருக்கவில்லை. போனேன். வெள்ளைச் சேலை கட்டிப் போனேன். மண்டபத்தில் நூறு கதிரை. நான்கு பேர். பெட்டி தூக்குவோருக்குப் பொறுப்பான ஆள். பிரசங்கம் செய்பவர். குளோயி. நான்.

பிரசங்கம் செய்பவர் டொரத்தியைக் கண்டதில்லை. ஹோமிலிருந்து வந்த ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். ஈலிங்கில் பிறந்தார். துணிக்கடையில் முப்பது வருடம் வேலை செய்தார். பழைய வானொலி நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்பார்.

நான் தலையைத் தூக்கினேன்.

ஆகவே அவருக்குப் பிடித்த இசையோடு அவரை வழியனுப்புவோம் என்றார். ஒரு பொத்தானை அமத்தினார். நகைச்சுவை நிகழ்ச்சியின் முகப்பு இசை. அதே இசை. கூட்டம் கை தட்டுகிறது.

எழுந்து முன்னால் போனேன். "நிறுத்துங்கள்" என்றேன். "தயவுசெய்து. அவருக்கு இது பிடிக்காது."

அவர் என் தோளைத் தட்டினார். இழப்பின் வலி எனக்கு விளங்குகிறது என்றார். திரை மெதுவாக மூடியது. பெட்டி மறைந்தது. கூட்டம் சிரித்தது. இசை கடைசிவரை ஓடியது. இரண்டு நிமிடம் பத்து செக்கன்.

வெளியே குளோயி என் பின்னால் வந்தாள். அழுதிருந்தாள். "நீங்கள் சொன்னீர்கள். படிக்கட்டில். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்றாள்.

"அவர்களிடம் சொன்னாயா?"

"இல்லை. எனக்கும் வேலை போய்விடும். அம்மா என்னோடுதான் இருக்கிறார்."

"சொல்லப் போகிறாயா?"

 காற்று அடித்தது. அவளுடைய சால்வை விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இருநூற்று எண்பத்திரண்டாம் பஸ் வந்தது. ஏறினேன்.

சிவம் அண்ணை கோயிலுக்கு வரச் சொல்கிறார். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்து மனத்தை ஆற்றச் சொல்கிறார். "எத்தினை பேரைப் பறிகுடுத்திட்டும் சனம் வாழுதுதானே, ரஞ்சி." நல்ல மனிதர். போகவில்லை. அர்ச்சனைக்குப் பெயர் கேட்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரைத்தான் கேட்பார்கள். என்னிடம் சொல்ல அப்படி ஒரு பெயர் இல்லை.

எழுதுவதற்கு ஒரே காரணம்தான் இருக்கிறது. ரொனி என்று ஒரு பிள்ளை இருந்ததை இந்த உலகத்தில் ஞாபகம் வைத்திருந்த ஒருவர் டொரத்தி. அவர் போய்விட்டார். ஆரணி என்று ஒரு பிள்ளை இருந்ததை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நானும் போவேன். இதனால் எதுவும் மாறும் என்று நம்பவில்லை. பெயர்கள் எங்காவது கிடக்கட்டும்.

ஈலிங்கில்: எடித், தாய். வயது முப்பத்தொன்று. ரொனி, ஆறு. ஜோன், பதினொரு மாதம். ஒரு வீடு.

மாத்தளனில்: குகன், சைக்கிள் திருத்துகிறவர். வயது முப்பத்தெட்டு. ஆரணி, இரண்டாம் வகுப்பு. வயது ஏழு. அவர்கள் கிடக்கும் இடத்துக்கு அடையாளம் இல்லை.

ஹவுன்ஸ்லோவில்: டொரத்தி. வயது தொண்ணூற்று நான்கு. சாம்பலை எடுக்க ஒருவரும் வரவில்லை. நான் கேட்டேன். உறவுக்காரருக்குத்தான் தருவோம் என்றார்கள்.

மொத்தம் ஆறு பேர்.

உயிரோடு எஞ்சியது ஒருத்தி.